ஆள்பவர்களா? சும்மா இருப்பவர்களா?

நடுவர் அவர்களே! வாழப்பாடிப் பெரியோர்களே, தாய்மார்களே!

சமுதாயத்தில் கொடுங்கோன்மை தலைதூக்கப் பெரிதும் காரணம் ஆள்பவர்களா, சும்மா இருப்பவர்களா? இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் பழி முழுவதையும் ஆள்பவர் தலையில் தூக்கி வைத்துவிட்டு, "நாம என்னங்க பண்ணினோம், சும்மாதானே இருந்தோம்"னு சொல்லி உட்கார்ந்துட்டார். ஐயா, அதைத்தானே நாங்களும் சொல்ல வந்தோம்! (சிரிப்பு)

வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். 56-ஆவது அதிகாரம் கொடுங்கோன்மை, அது அரசனைத்தான் குறை சொல்லுது என்றார். உண்மை. ஆனால் புத்தகத்தை அதோடு மூடிடாதீங்க. 64-ஆவது அதிகாரம் அமைச்சு. அரசனுக்கு அறிவில்லாவிட்டாலும், சொன்னால் கேட்காவிட்டாலும், உறுதியானதை எடுத்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவன் கடமை என்று அங்கே சொல்லியிருக்கிறாரே! பக்கத்தில் இருப்பவனுக்கும் பொறுப்பு உண்டு என்றுதானே அதற்குப் பொருள்?

மரவள்ளி போடுற ஊருக்கு நான் விளக்கம் சொல்லணுமா? மேலே தெரியறது குச்சியும் இலையும். எடை போடுறது மண்ணுக்குள்ளே இருக்கிற கிழங்கை. கொடுங்கோன்மையும் அப்படித்தாங்க. ஆள்பவன் கண்ணுக்குத் தெரிகிற குச்சி. அவனைக் கொழுக்க வைப்பது கீழே சத்தமில்லாமல் கிடக்கிற நம்ம மௌனம். (கைதட்டல்)

கதை வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். நமக்கு வடக்கே, மலைக்கு அந்தப் பக்கம் அரூர்ப் பகுதியில் வாச்சாத்தி. 1965-இல் தர்மபுரி தனி மாவட்டம் ஆகும் வரை அதுவும் நம்ம சேலம் மாவட்டம்தான். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் நுழைந்தார்கள். ஊரையே ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களுக்கு நேர்ந்த கொடுமையை இந்த மேடையில் விவரிக்க எனக்கு நா எழவில்லை. பிறகு 90 பெண்களையும், 15 ஆண்களையும், 28 குழந்தைகளையும் சிறையில் அடைத்தார்கள். எந்தச் சிறை? நம்ம சேலம் மத்திய சிறை.

வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். கணக்குப் பாருங்க. உத்தரவு போட ஒருத்தர் போதும். அதை நடத்திக் காட்ட எத்தனை கை வேணும்! லாரி ஓட்டியது யார்? 28 குழந்தைகளைக் கைதிகளாகப் பதிவேட்டில் எழுதியது யார்? அந்த ஒரு பேனா நின்னிருந்தா? வெளியே இருந்த நமக்கு, "கடத்தல்காரங்களாம்" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

"அப்போ அடிபட்ட மக்களும் சும்மா இருந்தவங்கதானே, அவங்களும் காரணமா?" என்று எதிரணி மடக்கலாம். இல்லவே இல்லை! அவங்க சும்மா இருக்கலை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் துணைக்கு நின்றது. மார்க்சிஸ்ட் தலைவர் நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1995-இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் கூண்டில் ஏறி நின்று ஆளைக் கை நீட்டிக் காட்டினார்கள்! 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். பத்தொன்பது வருஷம்! பயந்திருக்க எல்லா நியாயமும் உள்ளவர்கள் பேசினார்கள். பயப்படக் காரணமே இல்லாத நாம்தான் பேசாமல் இருந்தோம். (பலத்த கைதட்டல்)

இன்னும் ஒன்று. 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அதோடு நிற்கவில்லை. அன்றைய மாவட்டக் கலெக்டர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அவர்கள் தடி எடுத்தார்கள் என்பதற்காகவா? இல்லை. தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை!

நடுவர் அவர்களே, ஆள்பவர் குற்றவாளி இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆள்பவரை மாற்றிவிடலாம். ஆனால் சும்மா இருக்கிற பழக்கத்தை நாம் மாற்றாத வரைக்கும், வருகிற ஒவ்வொருவரும் அதையே வாய்க்காலாக்கிக்கொள்வார்கள். பெரிதும் காரணம் சும்மா இருப்பவர்களே என்று தீர்ப்பளியுங்கள்.