சங்க கால மனைகளும் சிதற் காப்பும்

காட்டையும் நீர்நிலையையும் அடுத்து மனையமைத்து வாழ்வோர்க்குப் புலியும் களிறுமே பெரும்பகை எனக் கருதுவது இயல்பு. ஆயின் புலி என்றோ ஒரு நாள் வருவது. சிதலோ நாடோறும் வருவது. ஈர மண்ணும் பட்ட மரமும் உதிர்ந்த சருகும் ஒருங்கு கிடைக்கும் இடமே அதற்கு உகந்த இடம். அத்தகைய நிலத்து மனைகளை நம் முன்னோர் எவ்வாறு காத்தனர் என்பதற்குச் சங்க நூல்கள் தரும் சான்றுகள் எவை, அச்சான்றுகளைக் கொண்டு எவ்வளவு சொல்லலாம் என்பதனை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

சிதல், சிதலை, செல் என்பன இன்று கறையான் என வழங்கும் உயிரின் பெயர்கள். அதன் வாழ்க்கையைப் பண்டைப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். மழைக்காலத்துச் சிறகு பெற்றுப் புற்றினின்று எழுவதனை ஈயல் என்றும், புற்றினுள் அமைந்த கூட்டினைக் குரும்பி என்றும் வேறுவேறு சொல்லால் சுட்டினர். கரடி புற்றை அகழ்ந்து குரும்பியை உண்ணுதலை அகநானூற்று 8ஆம் பாட்டு கூறும். மக்களும் ஈயலை உணவாகக் கொண்டனர். பாரியின் பறம்பு நாட்டு வளம் கூறும் புறநானூற்று 119ஆம் பாட்டில் கபிலர் ஈயலைப் புளித்த மோரொடு சேர்த்துச் சமைத்தலைக் குறிப்பர். முல்லை நிலத்து விருந்தைக் கூறும் அகநானூற்று 394ஆம் பாட்டில், ஈயல் பெய்து அட்ட வரகரிசிச் சோறு இடம்பெறுகின்றது. கார்காலத்தில் விருந்தாகிய உயிரே ஏனைய நாட்களில் கூரையைத் தின்றது. இவ்விரண்டனையும் ஒருங்கு நோக்கினாலன்றி அக்கால மக்கள் சிதலை எவ்வாறு கருதினர் என்பது விளங்காது.

சிதல் அழித்த மனைக்குச் சிறந்த சான்று சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய அந்நூலில், பரிசில் பெறுவதற்கு முன்பிருந்த பாணன் வறுமை ஓர் அடுக்களையின் வாயிலாகக் காட்டப்படுகின்றது. குட்டி ஈன்ற நாய் பால் சுரவாமையின் தன் குருளையைப் பொறாது குரைக்கின்றது. கட்டுக் குலைந்த பழஞ்சுவரைச் சிதற்கூட்டம் அரித்திருக்கின்றது. அரித்த புழுதியில் உட்டுளையுடைய காளான் பூத்திருக்கின்றது. அவ்வில்லத்தாள் குப்பைக் கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காணாதபடி கதவை அடைத்து உண்பிக்கின்றாள். சிதல் நிலத்தினின்று மண்வழி கட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்கும் வெயிலுக்கும் அஞ்சி, ஈரத்தைத் துணையாகக் கொண்டு சுவரேறும் இயல்பினது. நாள்தோறும் மெழுகி, பெருக்கி, அடுப்பெரித்துப் புகையூட்டும் அடுக்களையில் அஃது எளிதிற் குடியேறாது. ஆதலின் சுவரில் சிதல் என்பது அடுப்பு எரியவில்லை என்பதற்குப் புலவர் வைத்த அறிகுறியுமாம் எனக் கொள்கின்றோம். அக்காளானை இக்காலத்தார் அறிந்த புற்றுக்காளானே என ஒருவர் கூற முற்படலாம். புற்றுக்காளான் சிதல் வளர்க்கும் பூசணத்தோட்டத்தினின்று எழுவது. ஈரச்சுவரில் பூப்பன வேறு பலவும் உள. பாட்டில் அவற்றை வேறுபடுத்தும் சொல் இல்லை.

இனி மனைக்காப்பிற்கு வருவோம். ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகும் வேப்பிலையும் நறும்புகையும் பல பாடல்களில் வருகின்றன. புறநானூற்று 281ஆம் பாட்டில் அரிசில் கிழார், புண்பட்ட வீரன் கிடக்கும் மனையை மகளிர் காக்கும் முறையைக் கூறுகின்றார். இரவ மரத் தழையும் வேம்பும் மனையில் செருகுகின்றனர், யாழ் இசைக்கின்றனர், ஐயவி சிதறுகின்றனர், ஆம்பற் குழல் ஊதுகின்றனர், மணி அடிக்கின்றனர், காஞ்சி பாடுகின்றனர், நறும்புகை எழுப்புகின்றனர். 296ஆம் பாட்டிலும் வேப்பங்கிளை ஒடித்தலும் ஐயவி புகைத்தலும் உள. மகப்பெற்ற மனையிலும் ஐயவி இடம்பெறுதலை நற்றிணை 40ஆம் பாட்டால் அறியலாம்.

இவற்றை நோய்க்கிருமியும் பூச்சியும் அகற்றும் அறிவியல் முறை எனக் கூறும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. யாமும் முன்னர் முதுகலை வகுப்பில் அவ்வாறே கூறியதுண்டு. அன்று மாணாக்கர் ஒருவர், "ஐயா, வேப்பிலை கிருமியைக் கொல்லும் என்றே கொள்வோம், யாழும் மணியும் எதனைக் கொல்லும்?" என வினவினார். அதற்கு எம்மிடம் விடையில்லை. பாட்டு அச்செயல்கள் அனைத்தையும் ஒரே தொடரில், ஒரே நோக்கத்திற்கு உரியனவாக வைத்துள்ளது. புண்பட்டோனைப் பேய் அணுகாமற் காத்தல் புறத்திணை மரபு. அத்தொடரில் நமக்கு உவப்பானவற்றை மட்டும் பிரித்தெடுத்தல் உரைநெறி ஆகாது.

பொருளின் ஆற்றலை நோக்கினும் எச்சரிக்கை வேண்டும். வேம்பின் ஆற்றல் மெய்யே. அதன் வித்தினின்று அசாடிராக்டின் என்னும் பொருள் 1968இல் பிரித்தெடுக்கப்பட்டது. பூச்சிகளின் உணவு வேட்கையையும் வளர்ச்சியையும் அது தடுக்கின்றது. ஆயின் அப்பொருள் மிகுந்திருப்பது வித்தில். பாட்டில் வருவதோ தழை. கடுகின் காரநெய் பூச்சிக்கு நஞ்சாதலும் உண்மை. அக்காரம் கடுகு நசுங்கி நீருடன் சேரும்போது ஒரு நொதியின் செயலால் பிறப்பது. கடுவெப்பத்தில் அந்நொதி கெடும். ஆகவே முழுக்கடுகைத் தீயிலிடுதலும் அரைத்துப் பூசுதலும் ஒன்றல்ல. 281இல் ஐயவி சிதறப்படுகின்றது, 296இல் புகைக்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டைக் கூடக் காணாது இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் பலர்.

நொச்சியும் இத்தகையதே. கொசுவை ஓட்ட நொச்சித்தழையைத் தொழுவத்தில் புகைத்தலும், தானியத்தில் வண்டு விழாமல் அதன் இலையை இட்டுவைத்தலும் நாட்டுப்புறத்தில் வழங்குவன. இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் சென்னை மாநகராட்சி கொசுத்தொல்லையைக் குறைக்க நொச்சிக் கன்றுகளை மக்களுக்கு வழங்கியது. சங்கப் பாடல்களிலோ நொச்சி மனையை அடுத்தே நிற்கின்றது. அகநானூறு 21இல் மனையிலுள்ள இளநொச்சியில் மௌவற்கொடி படர்ந்துள்ளது. குறுந்தொகை 138இல், ஏழில் மலைப்பக்கத்து மனையினள் ஒருத்தி, ஊர் துஞ்சினும் தான் துஞ்சாது, மயிலடி போன்ற இலையுடைய நொச்சியின் பூ உதிரும் ஓசையைக் கேட்டிருக்கின்றாள். மனைதோறும் அம்மரம் நின்றது என்பதற்கு இவை சான்று. கொசுவிற்காக நட்டனர் என்பதற்குச் சான்றல்ல. மௌவல் அதன்மேல் படர்ந்திருந்தது என்பதே பாட்டிற் காண்பது.

அங்ஙனமாயின் சங்க நூல்களில் மனைக்காப்பிற்குச் சான்றே இல்லையோ எனின், உண்டு. அதனைப் பலர் கருதாத ஓரிடத்தில் காண்கின்றோம். நக்கீரர் நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலைக் கூறுமிடத்து, தச்சன் இடைவெளியின்றிப் பொருத்திய நெடுநிலையில் ஐயவி அப்பி நெய் பூசியிருத்தலைக் குறிக்கின்றார். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் வாயில்நிலையை அணங்குடையது என்றும், அதன் கதவு நெய் பட்டுக் கரிந்தது என்றும் கூறுகின்றார். அணங்கு என்னும் சொல்லே நோக்கத்தை வெளிப்படையாகக் காட்டிவிடுகின்றது. நிலையில் உறையும் தெய்வத்திற்கே நெய்யும் கடுகும். இதில் ஐயமில்லை. ஆயினும் கரிந்த என்னும் சொல்லை நோக்குக. ஒருமுறை பூசிய நெய்யால் கதவு கரியாது. பல்லாண்டு பூசப்பெற்ற நெய்யே அக்கருமையைத் தரும். நெய் ஊறிய மரத்தில் நீர் எளிதில் ஊறாது. ஈரம் ஏறாத மரத்தில் சிதலுக்கு இடம் குறைவு. நெய்யோடு கூட்டி அப்பிய கடுகோ புகைத்த கடுகன்று. நோக்கம் தெய்வத்தைப் பேணல். பயன் மரத்தைப் பேணல். பூசியோர் அப்பயனை அறிந்திருந்தனரா என்பதற்கு விடை பாட்டிற்கு வெளியே தேடற்பாலது.

இவ்வாறு நோக்குமிடத்து அரசன் வாயில்நிலையும் பாணன் அடுக்களைச் சுவரும் ஒன்றையொன்று விளக்குகின்றன. ஓரிடத்தில் மரத்திற்குப் பூச நெய் உண்டு; மற்றோரிடத்தில் கீரைக்கு இட உப்பும் இல்லை. சிதற்காப்பு முறையறிவைச் சார்ந்தது என்பதினும் செல்வத்தைச் சார்ந்தது எனலே இவ்விரு பாட்டாலும் பெறப்படுவது. பாணன் மனைவி அறியாமையால் சுவரை விடவில்லை.

சிதலை எண்ணெயால் அகற்றும் முறைக்குப் பிற்காலச் சான்று ஒன்று உண்டு. தில்லைக் கோயிலில் பூட்டிக்கிடந்த அறையில் தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததும், மன்னன் ஆணையால் எண்ணெய் சொரிந்து அப்புற்றை நீக்கி எஞ்சிய ஏடுகளை எடுத்ததும் உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறை கண்ட புராணத்தில் உள. அந்நிகழ்ச்சியின் வரலாற்றுண்மை பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை ஈண்டு முடிவு செய்ய வேண்டுவதில்லை. அது பாடப்பெற்ற காலத்தார்க்குப் புற்றின்மீது எண்ணெய் சொரிதல் விளக்கம் வேண்டாத வழக்கமாக இருந்தது என்பதே இவ்வாராய்ச்சிக்கு வேண்டுவது. நெடுநல்வாடையின் நெய் பூசிய நிலைக்கும் இதற்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் இவ்வழக்கு எங்கெங்கு இருந்தது என்பதனைக் கோயிற் கல்வெட்டுகளில் எண்ணெய்க்கு விட்ட நிவந்தங்களை ஒவ்வொன்றாக நோக்கியே காணுதல் வேண்டும். விளக்கெண்ணெய் என எழுதப்பெற்றவை அனைத்தும் விளக்கிற்கே சென்றனவா என்பது எம் ஐயம்.