ஒலியும் அதன் பெயரும்

கல்முனையினின்று தெற்கு நோக்கிச் செல்வார் சாய்ந்தமருதைக் கடந்தவுடன் காரைதீவை எய்துவர். 1892ஆம் ஆண்டில் இவ்வூரிற் பிறந்த மயில்வாகனனாரே பின்னாளில் விபுலாநந்த அடிகளாராகி யாழ் நூலை இயற்றினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகிய அந்நூல் 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். நூலின் பெருமையைப் பேசியோர் பலர். ஈண்டு அதனை வேறொரு வரலாற்றில், அஃதாவது ஒலிகளைத் தொகுத்துப் பெயரிட்டு வைக்கும் தொழிலின் வரலாற்றில், வைத்துக் காண முயல்கின்றேன். இன்று கணினியில் இசையமைக்கும் எம் மாணவர் ஆயிரக்கணக்கான ஒலித்துணுக்குகளைச் சேர்த்து வைத்துளர். ‘சாம்பிள்’ என்பது அவர் வழக்கு. வேண்டும்போது வேண்டிய துணுக்கை எடுக்க முடியாமையே அவர்தம் தலையாய இடர். இவ்விடர் புதியதன்று.

அடிகளார் முன்னிருந்த நிலை இதற்கு நேர்மாறானது. அவருக்குப் பெயர்கள் கிடைத்தன, ஒலிகள் கிடைக்கவில்லை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் நூல்களில் இருந்தன. 103 பண்களின் பெயர்கள் இருந்தன. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்னும் பெயர்கள் இருந்தன. ஆயின் அவற்றை மீட்டுவார் எவருமிலர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானத் தேர்வில் தேறியவராதலின் (அவரைப் போலவே வெளிவாரியாகப் பட்டம் பெற்ற எனக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு) அடிகளார் கணிதத்தைத் துணைக்கொண்டார். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என அலகுகளைப் பழையோர் குறித்துச் சென்றமையால், 22 அலகு கொண்ட அவ்வடைப்பினின்று மறைந்த ஒலிகளைக் கணித்தறிய வழி பிறந்தது. வெறும் பெயர் மட்டும் எஞ்சியிருப்பின் இஃது இயலாது. பெயரோடு அளவும் சேர்ந்திருந்தமையே காரணம்.

பெயருக்குள்ளேயே எண்ணைப் புதைத்து வைக்கும் முறையும் நம் இசை மரபில் உண்டு. 72 மேளகர்த்தாக்களின் பெயர்கள் கடபயாதி முறையில் அமைந்தவை. மாயாமாளவகௌளை என்பதன் முதலிரண்டு எழுத்துக்கள் 5, 1 என்பவற்றைக் குறிக்கும். திருப்பி வாசிப்பின் 15. பெயரைச் சொன்ன மாத்திரத்தே அது எத்தனையாம் மேளம் என்பதும், அதனால் அதன் சுரங்களும் விளங்கிவிடுகின்றன. கணினியிலுள்ள கோப்புக்குப் பெயரிடுவார்க்கு இதனினும் சிறந்த பாடம் யான் அறியேன்.

1877இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டமையோடு நிலை தலைகீழாயிற்று. ஒலி தங்கியது, பெயர் தவறத் தொடங்கியது. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் ஆங்கிலத்தில் தம் பெயரைக் கூறினார். அதனைச் செருக்கு எனக் கொள்ளற்க. பதிவுகள் கப்பலேறி ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று தட்டாகும் காலம் அது. மொழியறியாத தொழிலாளர் எப்பாட்டு எவருடையது எனத் தெளிவதற்கு அக்குரலே சீட்டாயிற்று என்பர்.

பேர்லினில் 1900இல் கார்ல் ஸ்ரும்ப் என்பார் சீயத்து நாடகக் குழுவினரின் இசையைப் பதிவு செய்ததிலிருந்து வளர்ந்த ஒலிக்காப்பகம் இதனினும் நுட்பமாக நடந்துகொண்டது. மெழுகுருளை சுழலும் வேகம் ஒரு நிலையில் நில்லாது. ஆதலின் பதிவுக்கு முன்னர் ஒரு சுருதிக்குழலை ஊதி அவ்வோசையையும் பதியுமாறு அறிவுறுத்தினர். பின்னாளில் அந்த ஓசை சரியாகும்வரை வேகத்தைத் திருத்தினால், பாட்டும் தன் உண்மைச் சுருதிக்கு வந்துவிடும்.

இக்காப்பகத்தை நடத்திய ஹோர்ன்பொஸ்ரல் என்பார் சாக்ஸ் என்பாருடன் இணைந்து 1914இல் உலக இசைக்கருவிகளை எண்களால் வகுத்தார். சட்டத்தில் தோல் போர்த்த நம் றபான் 211.3 என்னும் வகுப்பிற் சேரும். ஆயின் அவ்வெண் கருவி எதனால் ஆயது, எவ்வாறு ஒலிப்பது என்பதையே கூறும். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லாரோ அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு எனத் தோற்கருவிகளை எழுவகைப்படுத்தினார். எவ்வேளை, எவ்விடத்து முழங்குவது என்னும் நினைவும் இதில் உண்டு. பக்கீர்மார் கொட்டும் றபானும் கலியாண வீட்டு றபானும் 211.3இல் ஒன்றே, கேட்பவர் செவிக்கு ஒன்றல்ல.

1979இல் அவுஸ்திரேலியாவில் ஆக்கப்பெற்ற பெயார்லைட் என்னும் கருவி, பதிந்த எவ்வொலியையும் கட்டைகளில் வைத்து எச்சுரத்திலும் ஒலிக்கச் செய்தது. அன்று முதல் துணுக்கின் மூலச் சுருதியைக் குறித்து வைப்பது இன்றியமையாததாயிற்று. அது பிழைப்பின் கட்டைகள் அனைத்தும் பிழைக்கும். தாளத் துணுக்காயின் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதையும் குறித்தல் வேண்டும்.

இவையெல்லாம் அறிந்து எழுதுகின்ற யான் செய்தது யாது? ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், மருதமுனை முதல் நிந்தவூர் வரை சென்று மூதாட்டியர் பாடிய கவிகளையும் தாலாட்டுக்களையும் களிகம்பு அடிப்போரின் பாட்டுக்களையும் கசெற்றுக்களிற் பதிந்தேன். 2004 திசெம்பர் 26ஆம் நாள் கடல் எம் வீட்டுள் வந்தபோது பெரும்பாலானவை அழிந்தன. சம்மாந்துறையில் உறவினர் வீட்டிலிருந்த பதினொன்று தப்பின. அவற்றின் மேல் என் கையெழுத்தில் ‘பாட்டு 1’, ‘பாட்டு 2’ என்றே உளது. எவர் பாடினார், எவ்வூர், எதன்பொருட்டு என ஒன்றும் எழுதினேனல்லேன். போதாக்குறைக்கு மின்கலம் தளர்ந்த கருவியிற் பதிந்தமையால் சில பாட்டுக்கள் இப்போது விரைந்தும் கீச்சாகவும் ஒலிக்கின்றன. சுருதிக்குழல் ஊதாதவனுக்கு அம்மூதாட்டியின் உண்மைக் குரலை மீட்க வழியில்லை.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இக்கரை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியமையாற் சொற்கள் பிழைத்தன. மெட்டும் குரலும் ஏட்டில் அடங்கா. சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் அக்கசெற்றுக்களைக் கணினியில் ஏற்றி, ஒரு றபான் அடியை வெட்டித் தம் பாட்டொன்றிற் சேர்த்துக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். நன்றாகவே இருந்தது. “யார் அடிச்சது சேர்?” என்றார். அவர் கணினியில் அதன் பெயர் ‘டிரம் 7’. யான் விடையின்றி இருந்தேன்.

இப்பொழுது பதியும் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் சுருதிப்பெட்டியைச் சிறிது ஒலிக்கவிட்டு, ஊர், நாள், சந்தர்ப்பம், பாடுவோர் பெயர் என்பவற்றை வாயாற் சொல்லிப் பதிகிறோம்; கோப்பின் பெயரிலும் அவ்வொழுங்கே. தம் பெயர் வெளிவருதலை விரும்பாத பெண்கள் பலர். அங்கு ஊரும் சந்தர்ப்பமும் மாத்திரம் நிற்கும். விடுமுறை நாள்களில் அப்பதினொரு கசெற்றுக்களின் பாட்டுக்களையும் ஊரூராகக் கொண்டு சென்று முதியோருக்குப் போட்டுக் காட்டுகிறோம். இதுவரை இரு குரல்கள் இனங்காணப்பட்டன. அவற்றுளொன்றைக் கேட்டவுடன், “இது எங்கட உம்மாட குரல்” என்றார் நிந்தவூரில் ஒருவர். மறுமுறையும் போடச் சொன்னார்.