முள்ளும் அழலும்

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திலே கனமூலை என்றோர் ஊர் உண்டு. அவ்வட்டாரத்துக் களப்புகளில் இறங்கி வலை வளைப்போர் அனைவரும் அறிந்த துன்பம் ஒன்றுண்டு. கெளிற்று மீனின் முள் காலிலே தைத்துவிடுமாயின், சிறிது நேரத்துக்குள்ளேயே அவ்விடம் சிவக்கும்; சுடும்; வீங்கும்; தாங்கொணாத வலியெடுக்கும். இந்நான்கு குறிகளையும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னரே ஒருங்கே எழுதிவைத்தார், ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பவர். அவர் கையாண்ட இலத்தீன் மொழிச் சொல்லின் பொருள் தீப்பற்றுதல் என்பதாகும். தமிழரும் அழல் என்னும் சொல்லடியாகவே இதனை அழற்சி என்றனர். கடல்கள் பல இடையிட்ட இரு மொழியினரும் வீங்கிய காலைத் தொட்டுப் பார்த்து ஒரே உவமையைக் கண்டது வியப்பன்று. அந்தத் தீ அத்துணை வெளிப்படையானது. ஆயின் வெளியே தோன்றாத அழலும் உடலுக்குள் உண்டு என்பதை அறிய மனித குலத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

அழற்சி நண்பனா, பகைவனா என்பதே முதலில் எழுந்த வினா. பன்னூறாண்டுகளாக அது நோயாகவே கருதப்பட்டது. ஸ்கொட்லாந்து நாட்டவரான அறுவை வைத்தியர் ஜோன் ஹண்டர் இக்கொள்கையை மறுத்தார். அவர் மறைந்தபின் 1794 இல் வெளிவந்த நூலில், அழற்சி தன்னளவில் ஒரு நோயன்று. காயத்தை எதிர்த்து உடல் மேற்கொள்ளும் நன்முயற்சியே என்னும் கருத்து விளக்கப்பட்டது. 1867 இல் ஜெர்மானியரான கோன்ஹைம், தவளையின் மெல்லிய இழையங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கி, வெண்குருதிக் கலங்கள் குருதிக் குழாயின் சுவரை ஊடுருவி வெளியேறுவதைக் கண்டார்.

வெளியேறிய கலங்கள் யாது செய்கின்றன? இதற்கான விடையையும் ஒரு முள்ளே தந்தது. 1882 இல் இத்தாலியின் மெசினா நகரிலே, கடலோரத்தில் தங்கியிருந்த ரஷ்ய அறிஞர் மெச்னிக்கோவ், கண்ணாடி போன்ற உடலையுடைய நட்சத்திர மீன் குடம்பிகளுக்குள் சிறு முட்களைச் செலுத்திவைத்தார். மறுநாட் காலையில் ஒவ்வொரு முள்ளையும் உயிர்க்கலங்கள் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளை விழுங்க வந்த காவற்படை அது என அவர் உணர்ந்தார். 1908 ஆம் ஆண்டின் நோபல் பரிசு, போல் ஏர்லிக்குடன் அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அழற்சி உடலின் காவல் என்பது இவ்வாறு நிலைபெற்றது.

இதற்கிடையே, முள்ளுமின்றி வலியுமின்றி நிகழும் அழிவொன்றினை வேறொரு வைத்தியர் கண்டிருந்தார். இலண்டனின் கைஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட், 1827 இல் தம் ஆய்வுகளை வெளியிட்டார். உடல் ஊதி வந்த நோயாளரின் சிறுநீரைக் கரண்டியிலே எடுத்து மெழுகுதிரிச் சுடரிற் காய்ச்சினால், முட்டை வெண்கரு இறுகுவதுபோல் அது கலங்கித் திரண்டது. அவர்கள் இறந்தபின் உடலைத் திறந்து நோக்கியபோது சிறுநீரகங்கள் சிதைந்திருந்தன. வடித்தெடுக்க வேண்டிய சல்லடை பழுதுற்றமையால், குருதியில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரிலே ஒழுகியது. நோயாளர் வைத்தியரை நாடியபோது நோயோ மிக முற்றியிருந்தது.

நீரிழிவின் வரலாற்றிலும் இவ்வழல் தலைகாட்டியது. 1876 இல் ஜெர்மானிய வைத்தியர் எப்ஸ்டைன், மூட்டு அழற்சிக்கு வழங்கும் சாலிசிலேற்று மருந்தை நீரிழிவு நோயாளருக்குக் கொடுக்க, சிறுநீரிற் சர்க்கரை குறைந்தது. 1901 இல் மான்செஸ்டர் நகரத்து வைத்தியர் வில்லியம்சனும் இதனையே கண்டார். அழற்சியைத் தணிக்கும் மருந்து சர்க்கரையைக் குறைப்பானேன் என்று தொடர்ந்து வினவுவார் அன்று அரிதாயினர். 1921 இல் டொரண்டோ நகரிலே இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதும் உலகின் கவனம் முழுவதும் அதன்பாற் சென்றது.

பல்லாண்டுகளின் பின் அவ்வினாவுக்கு விடையின் ஒரு பகுதி கிடைத்தது. 1993 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து ஆய்வாளர், பருத்த எலிகளின் கொழுப்பு இழையம் அழற்சியைத் தூண்டும் புரதமொன்றைச் சுரப்பதையும், அது இன்சுலினின் செயலைத் தடுப்பதையும் காட்டினர். 2003 இல் வேறிரு குழுவினர், பருத்த உடலின் கொழுப்பினுள்ளே விழுங்கு கலங்கள் திரண்டிருப்பதைக் கண்டனர். மெச்னிக்கோவின் முள்ளைச் சூழ்ந்த அதே காவற்படை, முள் ஏதுமில்லாத இடத்திலே பாசறை அமைத்திருந்தது! எதிரியை அழித்துக் கலைந்து செல்ல வேண்டிய படை, எதிரியின்றியே ஆண்டுக்கணக்கிற் பாளையமிட்டிருப்பின், அது காக்க வந்த நாட்டையே தின்று தீர்க்கும் அன்றோ?

அவ்வாறு தின்னப்படும் நாடுகளுள் ஒன்று சிறுநீரகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண் சல்லடைகள் உள. மிகுந்த சர்க்கரையும் உயர்ந்த குருதி அமுக்கமும் அவற்றைத் தாக்க, தாக்கப்பட்ட கலங்கள் துணைக்கழைக்கும் சைகைகளை வெளியிடும். வெண்கலங்கள் வந்து சேரும். அவற்றின் செயலால் இழையம் தழும்பாக இறுகும். தழும்பிட்ட சல்லடை மீண்டும் வடிப்பதில்லை. எஞ்சியவை கூடுதற் சுமையைத் தாங்கித் தாமும் நைந்துபோகும். இவ்வளவும் நிகழ்கையில் நோயாளருக்குப் பெரும்பாலும் நோவு யாதும் தோன்றாது.

அப்படியாயின் அழலை அடியோடு அணைத்துவிடலாகாதா? 2017 இல் வெளியான பெருஞ் சோதனை ஒன்று இதற்குப் பாடம் புகட்டிற்று. முன்னர் மாரடைப்புக்கு உள்ளான 10,000 க்கும் மேற்பட்டோரிடையே, அழற்சிச் சைகை ஒன்றைத் தடுக்கும் மருந்து பரிசோதிக்கப்பட்டது. மறுபடி நேரும் இதய விபத்துகள் குறைந்தன. ஆனால் தொற்றுநோயால் நேர்ந்த மரணங்கள் மிகுந்தன. அம்மருந்து நீரிழிவு புதிதாகத் தோன்றுவதையும் தடுக்கவில்லை. காவலைக் கலைத்தவன் கள்வனுக்குக் கதவு திறக்கிறான் என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

இலங்கைக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. புத்தளத்துக்குக் கிழக்கே எல்லையாயமைந்த அநுராதபுர மாவட்டத்தை உள்ளடக்கிய வட மத்திய மாகாணத்தில், 1990 களில் இனந்தெரியாத சிறுநீரக நோயொன்று வைத்தியர்களின் கவனத்தை ஈர்த்தது. மதவாச்சி, பதவியா முதலிய ஊர்களின் நெற்செய்கையாளர் பலர், நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இல்லாதிருந்தும் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்தம் சிறுநீரக இழையத்தை ஆராய்ந்தபோது, நுண்குழாய்களும் அவற்றின் இடையிழையமும் தழும்புற்றிருப்பதும், அழற்சிக் கலங்கள் அங்குக் குழுமியிருப்பதும் காணப்பட்டன. குடிநீரின் வன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்களும், வெயிலில் உழைத்து உடல்நீர் வற்றுதலும் காரணங்களாக ஆராயப்பட்டு வருகின்றன. முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை. எல் சல்வடோர் நாட்டிலும் இத்தகைய நோய் 2002 இல் அறிவிக்கப்பட்டது.

காரணம் விளங்காத நோய்க்கும் விளங்கிய நோய்க்கும் பொதுவான இயல்பொன்றுண்டு. நோவு தோன்றும்வரை காத்திருப்போர் காலங்கடந்தே வைத்தியசாலை வாயிலை அடைவர். சிறுநீரிற் புரதம் உண்டா எனப் பார்த்தல், குருதியிற் சர்க்கரையையும் கிரியற்றினினையும் அளத்தல், குருதி அமுக்கத்தை நோக்குதல் ஆகியவை இன்று எளிய சோதனைகள். பிரைட் கரண்டியும் மெழுகுதிரியும் கொண்டு கண்டதை இன்று சிறு தாட்கீற்றொன்று நொடியிற் காட்டிவிடும்.

மீண்டும் களப்புக் கரைக்கு வருவோம். நீண்டகால நீரிழிவால் நரம்புகள் உணர்விழந்த ஒருவரின் காலிலே முள் தைத்தால், அவர் அதனை அறியமாட்டார். கால் சிவந்து வீங்கும். எனினும் அவர் நொந்து நிற்பதில்லை. வலையை இழுத்துக்கொண்டே நடப்பார். வீடு சேர்ந்தபின் மனைவியோ மகனோ பார்த்துச் சொன்னாலன்றிக் காயம் அவருக்குத் தெரிவதில்லை. காலில் மூண்ட அழலைக் காணப் பிறர் கண்ணேனும் உண்டு. சிறுநீரகத்தில் மூண்ட அழலை வீட்டார் கண்ணும் காணாது. அதனைக் காட்டவல்லது, நலமாயிருக்கும் நாளிலேயே செய்துகொள்ளும் சோதனை ஒன்றே.