ஏழு கிலோ பையும் ஒரு கம்பளியும்

போன மாதம் முழுக்க வீட்டில் தராசும் கையுமாகத்தான் திரிந்தேன். திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்து ஹட்டன், நுவரெலியா. தனியாக, ஆறு நாள், குறைந்த செலவில். மலிவு டிக்கெட் என்பதால் 7 கிலோ கைப்பை மட்டும்தான். இரண்டு சட்டை, ஒரு பேன்ட், மாத்திரை, பவர்பேங்க், பாஸ்போர்ட் நகல், நோட்டு எல்லாம் அடங்கிவிட்டன. ஸ்வெட்டர்தான் அடங்கவில்லை. அரியலூர் வெயிலில் அதற்கு வேலையே கிடையாது. பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. நுவரெலியா 6,000 அடிக்கு மேல். "குளிரும், எடுத்து வைங்க" என்றார் மனைவி. அதை மடிக்கும்போது, நூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊர்களிலிருந்து அதே மலைக்குப் போனவர்கள் குளிருக்கு என்ன செய்தார்கள் என்று தோன்றியது. இந்தக் கட்டுரை அங்கே தொடங்கியதுதான்.

நம்மூரில் வெளிநாட்டுப் பயணம் என்று பேச்செடுத்தால் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்விடுவோம். 1025இல் ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பினான். மெய்க்கீர்த்தி இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. ஆனால் இதே மண்ணிலிருந்து மூட்டையோடு கடல் தாண்டியவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல்தான். வெள்ளைக்காரன் காலத்தில் நம் பக்கமெல்லாம் திருச்சினாப்பள்ளி ஜில்லா. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போன முக்கியமான ஜில்லாக்களில் இதுவும் ஒன்று. 1904இல் தோட்டத் துரைமார்கள் ஆள் சேர்ப்பதற்கென்றே சிலோன் லேபர் கமிஷனை ஆரம்பித்தபோது, அதன் தலைமையகத்தைத் திருச்சியில்தான் வைத்தார்கள்.

அந்தப் பயணத்துக்கான ஏற்பாடு எப்படி நடந்தது? போகிறவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. கங்காணி ஊருக்கு வருவார். பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சொந்தக்காரராகவும் இருப்பார். தோட்டத்திலிருந்து வாங்கி வந்த முன்பணத்தில் உள்ளூர்க் கடனை அடைத்துவிடுவார், வழிச்செலவையும் பார்த்துக்கொள்வார். மலேயாவுக்குத் தனி ஆண்கள் அதிகம் போனார்கள் என்றால், இலங்கைக்குக் குடும்பத்தோடு போனவர்கள் அதிகம். கையிலிருந்து காலணா செலவில்லை. இதைவிட 'பட்ஜெட்' பயணம் கிடையாது என்று தோன்றும்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. செலவு இல்லை என்பதல்ல, செலவு எவ்வளவு என்று போகிறவருக்குச் சொல்லப்படவில்லை. கணக்கு கங்காணியின் நோட்டில் ஏறிக்கொண்டே இருந்தது.

1901இல் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சின்னத் தகர வில்லை. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வழியெல்லாம் காசு கொடுக்க வேண்டாம். ரயில், கப்பல் கூலி எல்லாம் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் பற்றில் எழுதப்படும். தோட்டம் அதைக் கங்காணி மூலம் ஆளிடமிருந்து பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு விமான நிலையத்தில் பெட்டியில் ஒட்டுகிற டேக் மாதிரிதான். ஒரே வித்தியாசம், அன்று அது பெட்டியில் இல்லை, மனிதர் கழுத்தில் இருந்தது. எங்கள் தொழிலில் சொல்வதானால், டேட்டாபேஸில் ஐடி மட்டும் உண்டு, பெயர் என்ற காலமே இல்லை.

1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. பிறகு மண்டபம் முகாம். அங்கே சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, துணிமணிகளைச் சுத்தப்படுத்தி, டாக்டர் பார்த்த பிறகுதான் கடல்.

அப்புறம் மலை. பனியும் மழையும். சமவெளி உடம்புக்குத் தோட்டத்தில் ஒரு கம்பளி கொடுப்பார்கள். என் கேள்விக்குப் பதில் அதுதான். ஆனால் அது இனாம் இல்லை. அரிசியைப் போலவே கம்பளியின் விலையும் கூலியில் பிடிக்கப்பட்டது. குளிர் கூடக் கடன் கணக்கில் ஏறியது.

தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் அடையாது, கைமாறும். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவு தோட்டங்கள் சேர்ந்து கட்டும் பொது நிதிக்குப் போனது. 1939இல் கூலி வேலைக்கு ஆள் போவதையே இந்திய அரசு தடுத்தது.

இதையெல்லாம் நான் தேடுவதற்குக் காரணம் என் அப்பாயி. அவருடைய சித்தப்பா ஒருவர், அப்பாயி பிறப்பதற்கு முன்னாலேயே கிளம்பிப் போனவர். "கண்டிச்சீமைக்குப் போனாரு, தகவலே இல்ல" என்பதற்கு மேல் அப்பாயிக்குத் தெரியாது. சிறுவயதில் கண்டி என்றால் கண்டிதான் என்று நினைத்திருந்தேன். நம் கிராமங்களில் அந்த மலைநாடு முழுக்கவே கண்டிதான் என்பது பிறகுதான் புரிந்தது. தோட்டங்களுக்கோ இரட்டைப் பெயர். துரை வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. ஊரில் நினைவிருப்பது தமிழ்ப் பெயர், காகிதத்தில் இருப்பது ஆங்கிலப் பெயர். என்னிடம் இரண்டுமே இல்லை. அப்பாயி இருந்தபோது கேட்டிருக்கலாம். வேலை, வேலை என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் யாராவது "கண்டிக்குப் போனார்" என்று சொன்னால், இன்றைக்கே மூன்று விஷயம் கேட்டு எழுதி வையுங்கள்: கங்காணி பெயர், தோட்டத்தின் தமிழ்ப் பெயர், கூடப் போன குடும்பங்கள். தேடிப் போகிறவர் பையில் முதலில் வைக்க வேண்டியது அந்தத் தாள்தான். அதற்கு எடை கிடையாது.

நேற்று இரவு கடைசியாக எடை போட்டேன். 7 கிலோ 300 கிராம். சார்ஜர் ஒன்றையும் ஒரு புத்தகத்தையும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். ஸ்வெட்டர் உள்ளே இருக்கிறது. அதற்கு நான் யாருக்கும் கடன்படவில்லை.