லினக்ஸ் அன்பர்கள் கருவி தேர்ந்த வரலாறு

பல கைகள் சேர்ந்து ஒரு நூலை எழுதும்போது எழும் இடர் தமிழாசிரியர்க்குப் புதிதன்று. ஏடு பெயர்த்தெழுதியோர் ஆங்காங்கே சொல்லை மாற்ற, பாடவேறுபாடுகள் பெருகி, மூலம் எதுவெனத் தெளிவதே தனிக் கலையாயிற்று. கணினி நிரல் எழுதுவோர்க்கும் இவ்விடர் உண்டு. ஏட்டில் ஓரெழுத்துப் பிழைத்தால் பொருள் கெடும். நிரலில் பிழைத்தால் பொறியே நின்றுவிடவும் கூடும்.

எவர், எப்பொழுது, எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கருவியொன்றைப் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் என்பார் 1972ஆம் ஆண்டில் செய்தார். பின்னர் வந்த சி.வி.எஸ்., சப்வெர்சன் என்பவற்றில் வரலாறு முழுதும் ஒரு நடுவிடத்தில் இருக்கும். ஏனையோர் அங்கிருந்தே பெற்று, அங்கேயே சேர்க்க வேண்டும். பகிர்ந்த முறை இதனின் வேறுபட்டது. அதில் ஒவ்வொருவர் கையிலும் முழு வரலாறும் இருக்கும். எவரிடமும் இசைவு கேளாமல் தம் படியில் திருத்தலாம். பிறர் படியோடு பின்னர் இணைக்கலாம்.

இம்முறை பரவியதற்கு ஒரு பூசலே காரணமாயிற்று. 1991இல் ஹெல்சின்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். பல நாட்டு ஆர்வலர் மின்னஞ்சலில் விடுத்த திருத்தங்களை அவர் தாமே சேர்த்துவந்தார். சி.வி.எஸ். அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. திருத்தங்களோ குவிந்தன; சில அவர் கண்ணில் படாமலே போயின; அனுப்பியோர் மனம் சலித்தனர். எனவே 2002இல் அவர் பிட்கீப்பர் என்னும் பகிர்ந்த முறைக் கருவியை ஏற்றார். அது லாரி மக்வாயின் பிட்மூவர் நிறுவனத்திற்கு உரியது. லினக்ஸ் அன்பர்க்கு விலையின்றிக் கிடைத்தது; ஆனால் நிபந்தனைகள் இருந்தன. அவற்றுள் கடியது, பயன்படுத்துவோர் அதற்குப் போட்டியான கருவியை ஆக்கலாகாது என்பது.

கட்டற்ற மென்பொருளைக் கட்டுள்ள கருவியால் வளர்ப்பதா என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலியோர் கண்டித்தனர். வேலைக்கு ஏற்ற கருவியே வேண்டும் என்பது டோர்வால்ட்ஸின் நிலை. அவரை முற்றும் குறைகூறுதல் நேரிதன்று. அவருடைய வேலைச்சுமையைத் தாங்கவல்ல கட்டற்ற கருவி அந்நாளில் இல்லை. ஆயினும் கண்டித்தோர் அஞ்சியதே நடந்தது.

ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் வழங்கியோடு தொடர்புகொண்டு ‘ஹெல்ப்’ என்று தட்டினார். அது தன் கட்டளைகளைத் தானே சொல்லிற்று! அதைக்கொண்டு அவர் ஒரு கட்டற்ற கருவி எழுதலானார். நிறுவனம் சினந்து, 2005 ஏப்ரலில் இலவச வழங்கலை நிறுத்துவதாக அறிவித்தது. டோர்வால்ட்ஸும் டிரிட்ஜெல்லையே கடிந்தார். இது வியப்புக்குரியது, வாயிற்கதவைத் தட்டி வினவியதைக் குற்றமென்று கொள்வது எங்ஙனம்?

அப்போதிருந்த கருவிகளுள் மானடோன் ஓரளவு பொருந்தியது. ஆனால் மிக மெதுவானது. ஏப்ரல் 3ஆம் நாள் டோர்வால்ட்ஸ் தாமே கிட் என்னும் கருவியை எழுதத் தொடங்கினார். 7ஆம் நாளே அது தன் திருத்தங்களைத் தானே காத்தது. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட 40 குறிகளால் ஒவ்வொரு பதிவையும் அது அடையாளமிட்டது. எங்கேனும் ஓரெழுத்து மாறினும் அடையாளம் மாறிவிடும். ஜூனில் வெளிவந்த லினக்ஸ் 2.6.12 அதன் துணையால் வெளியிடப்பட்டது. ஜூலையில் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் சென்றது. இவ்விரைவு மாயமன்று; பிட்கீப்பரோடு பழகிய மூன்றாண்டுகள் அவருக்கு வேலைமுறையைக் கற்பித்திருந்தன. அதே பூசலால் அதே ஏப்ரலில் மெர்க்கூரியலும் பிறந்தது.

இரண்டில் எதைத் தேர்வது? பைத்தான் மொழியினர் பசார், மெர்க்கூரியல், கிட் மூன்றையும் அன்றாட வேலைகளில் வைத்து ஒப்பிட்டு, 2009இல் மெர்க்கூரியலைத் தேர்ந்தனர். அது பெரிதும் பைத்தானிலேயே எழுதப்பட்டது. விண்டோஸிலும் நன்கு இயங்கியது. 2011இல் மாறினர். ஆனால் 2017இல் கிட்டுக்கே, அதுவும் கிட்ஹப் தளத்திற்கே பெயர்ந்தனர். புதிதாய் உதவ வருவோர் அங்கேதான் பழகியிருந்தனர். ஒப்பீட்டு அறிக்கையின் தகுதிகளைவிட அக்கம்பக்கத்தார் பழக்கமே வென்றது எனலாம்.

நடுவிடம் வேண்டாம் என்று பிறந்த கருவிக்கு இங்ஙனம் ஒரு நடுவிடம் வாய்த்தது. 2018இல் கிட்ஹப் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பிட்கீப்பர் 2016இல் கட்டற்றதாக வெளியிடப்பட்டபோது அதைக் கேட்பார் அரியராயினர். லினக்ஸ் அன்பர்களோ இன்றும் திருத்தங்களை மின்னஞ்சலிலேயே விடுக்கின்றனர்.