கொட்டாஞ்சேனைக் கட்டடங்கள் கூறும் வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் ஏடுகளைத் தேடுவர். அதன்பின் கல்வெட்டுகளையும் நாணயங்களையும் நாடுவர். அவற்றைப் படிப்பதற்கு மொழிப்பயிற்சி வேண்டும். நூல்நிலையத்தின் துணையும் வேண்டும். கட்டடங்களோ தெருவோரத்தில் யாவர்க்கும் காட்சிக்கு எளியனவாய் நிற்கின்றன. அவற்றை நாள்தோறும் கடந்து செல்வோர் பலர்; நின்று வினவுவோர் மிகச் சிலர். ஒரு கட்டடத்தை அறிய நான்கு வினாக்கள் போதும். அதனைக் கட்டியவர் யாவர்? எக்காலத்திற் கட்டினர்? எப்பொருளாற் கட்டினர்? இன்று அதனைப் பேணி வருவோர் யாவர்? முதல் மூன்று வினாக்களுக்கும் பெரும்பாலும் நூல்களில் விடை கிடைத்துவிடும். நான்காவது வினாவுக்கு நேரிற் சென்றே விடை காணல் வேண்டும். வரலாற்றின் உயிர்நிலையும் அந்த நான்காவது வினாவிலேயே அடங்கியுள்ளது.

இதனை விளக்குவதற்கு அநுராதபுரத்துக்கோ பொலன்னறுவைக்கோ போக வேண்டுவதில்லை. கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையும் அதன் சுற்றுப்புறமுமே போதும். காலாற நடந்தால், ஒல்லாந்தர் கட்டிய தேவாலயத்தையும், கத்தோலிக்கரின் பேராலயத்தையும், பௌத்தரின் விகாரையையும், சைவரின் கருங்கற் கோயிலையும் ஒரே காலைப் பொழுதிற் கண்டுவிடலாம். இவற்றுள் ஒன்றைத் தனியே பார்ப்பவனுக்கு ஒரு சமயத்தின் செய்தி மட்டும் கிடைக்கும். நான்கையும் சேர்த்துப் பார்ப்பவனுக்கு இந்நகரத்தின் கதை முழுவதும் விளங்கும்.

முதலில் வொல்வெண்டால் தேவாலயம். போர்த்துக்கேயரிடமிருந்து 1656 ஆம் ஆண்டிற் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டைக்கு வெளியே உயர்ந்த மேடு ஒன்றைத் தேர்ந்து, 1749 ஆம் ஆண்டில் இதற்கு அடிகோலினர். எட்டு ஆண்டுகள் வேலை நடந்தது. 1757 ஆம் ஆண்டில் தேசாதிபதி லோட்டன் காலத்தில் இது வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. சிலுவை வடிவம், ஏறக்குறைய ஐந்தடிக் கனமுள்ள சுவர்கள், அலங்காரம் மிகக் குறைவு. வணிகத்தின் பொருட்டு வந்து நாடாண்ட ஒரு கொம்பனியின் சிக்கனமும் உறுதியும் அச்சுவர்களிலே தெரிகின்றன.

பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் அவ்விடத்தில் குவாதலூப்பே மாதாவின் பெயரால் ஓர் ஆலயம் இருந்ததாகக் கூறுவர். அப்பெயர் மக்கள் வாயில் மருவி, லூப்பே என்னும் பகுதி ஓநாயைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டது. ஒல்லாந்தர் அதனைத் தம் மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள்பட மொழிபெயர்த்துவிட்டனர். ஓநாயே இல்லாத இலங்கையில் ஓநாயின் பெயரால் ஒரு மேடு வழங்குவதற்குக் காரணம் இதுவே. ஆட்சி மாறியது, சமயப் பிரிவு மாறியது, பழைய மாதாவின் பெயர் மட்டும் வேற்றுருக் கொண்டு நிலைத்தது.

1796 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கொழும்பைப் பெற்றனர். கோட்டைக்குள் இருந்த பழைய ஒல்லாந்தத் தேவாலயத்தின் கல்லறைக் கற்கள் 1813 ஆம் ஆண்டில் வொல்வெண்டாலுக்குக் கொண்டுவரப்பட்டன. தேசாதிபதிகளின் பெயர்களும் குலச் சின்னங்களும் பொறித்த அக்கற்களை இன்றும் காணலாம். அவற்றின் மொழியை வாசிப்போர் இப்போது அரியர். எனினும் தேவாலயம் பாழ்படவில்லை. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் அங்கு வழிபாடு நடைபெற்று வருகிறது. இத்தேவாலயம் திறக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளின்பின், 1759 இல், ஒல்லாந்தரின் கொழும்பு அச்சுக்கூடத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. அதனைச் செப்பனிட்டவர் கொழும்பிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ. கொம்பனி கலைந்தது, கொடி இறங்கியது, அக்காலத்திலேயே வேரூன்றிய தமிழ் வழிபாடு அச்சுவர்களுக்குள் இன்றும் ஒலிக்கிறது. நான்காவது வினாவின் ஆற்றல் இதனாற் புலப்படும்.

அடுத்தது புனித லூசியா பேராலயம். ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. 1687 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை வந்தடைந்த யோசேப்பு வாஸ் அடிகளும், அவர்பின் கோவாவிலிருந்து வந்த குருமாரும் மாறுவேடம் பூண்டும் இரவில் நடந்தும் அச்சமயத்தைக் காத்தனர். அத்தகைய குருமார் ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியிற் கொட்டாஞ்சேனையில் அமைத்த ஓலைக் கொட்டிலே இன்றைய பேராலயத்தின் தோற்றுவாய். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டிற் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கினர். 1870 ஆம் ஆண்டுகளில் மேற்றிராணியார் சில்லானி இன்றைய பேராலயத்தின் வேலையைத் தொடக்கினார். அது முற்றுப்பெறப் பல ஆண்டுகள் சென்றன. உரோமாபுரியின் புனித பேதுரு ஆலயத்தை நினைவூட்டும் முகப்பும், தொலைவிலிருந்தே தெரியும் குவிமாடமும் அதற்கு அமைந்தன. ஓலைக் கொட்டிலில் ஒளிந்து வழிபட்டவர்களின் வழித்தோன்றல்கள் வானளாவ ஒரு மாடத்தை எழுப்பியதில் வியப்பில்லை. ஒளித்து வைத்திருந்த ஒன்றை வெளிப்படக் கூறும் உவகையே அங்கு கட்டடமாயிற்று.

அப்பேராலயத்துக்கு அண்மையிலேயே தீபதுத்தாராமய விகாரை உள்ளது. 1873 ஆம் ஆண்டின் பாணந்துறை விவாதத்தாற் புகழ்பெற்ற மீகெட்டுவத்தே குணானந்த தேரர் இவ்விகாரையைச் சேர்ந்தவர். அண்டை வீட்டாராக வாழ்ந்த இரு சமயத்தாருக்கும் இடையே 1883 ஆம் ஆண்டின் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று பெரும் கலகம் மூண்டது. விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது, இரத்தம் சிந்தியது. தக்க நீதி கிடைக்கவில்லை எனக் கருதிய பௌத்தர், கேணல் ஒல்கொட்டின் துணைகொண்டு 1884 ஆம் ஆண்டில் இலண்டன்வரை முறையிட்டனர். அடுத்த ஆண்டில் வெசாக் நாள் அரசாங்க விடுமுறையாயிற்று. அந்த 1885 ஆம் ஆண்டின் வெசாக் திருநாளிலேயே பௌத்தக் கொடியும் இவ்விகாரையில் ஏற்றப்பட்டது. இன்று உலகமெங்கும் பௌத்த நாடுகளிற் பறக்கும் அக்கொடியின் தொடக்கம் கொட்டாஞ்சேனைத் தெருவொன்றில் நிகழ்ந்த துயரத்தோடு பிணைந்துள்ளது என்பதைப் பலர் அறியார். 20 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், துறவு பூண்டு இங்கு தங்கியிருந்த சீயம் நாட்டு இளவரசர் பிரிசதாங், தம் நாட்டுப் பாணியில் ஒரு தாதுகோபத்தை எழுப்புவித்தார். இலங்கைத் தாதுகோபங்களின் வடிவிலிருந்து அது வேறுபட்டு நிற்பதன் காரணம் இதுவே.

இனி, அதே பத்தாண்டில் எழுந்த மற்றொரு கட்டடத்துக்கு வருவோம். அதுவே பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பலவாணர் என்பது தில்லைக் கூத்தப்பெருமானின் திருநாமம். கோயிலை 1857 ஆம் ஆண்டளவில் முதன்முதற் கட்டுவித்த பொன்னம்பல முதலியாரின் பெயரும் அதனோடு இயைந்திருந்தது நல்ல பொருத்தமாகும். அரை நூற்றாண்டு சென்றபின், முதலியாரின் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பழைய கோயிலை நீக்கி, அவ்விடத்திற் கருங்கல்லாற் புதிய கோயிலை எடுப்பித்தார். 1907 ஆம் ஆண்டில் தொடங்கிய திருப்பணி 1912 ஆம் ஆண்டிற் குடமுழுக்குடன் நிறைவெய்தியது. தூண்களும் போதிகைகளும் விசயநகரக் காலச் சிற்பமுறையைத் தழுவியவை. வெயிலிலிருந்து உள்ளே காலடி வைப்போர்க்குக் கல்லின் தண்மை முதலிற் படும். அதன்பின்னரே கண்ணுக்கு உருவங்கள் ஒவ்வொன்றாய்ப் புலனாகும்.

செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கோயில் எடுப்பது எளிதாயிருக்க, அவர் கருங்கல்லை ஏன் நாடினார்? மூன்றாவது வினாவாகிய கட்டுபொருளின் சிறப்பு இங்கு விளங்கும். அக்காலத்திற் கொழும்பு வாழ் தமிழர் பலர் உத்தியோகத்துக்கும் வணிகத்துக்கும் வந்தவர்கள். ஊரில் வீடும் காணியும் வைத்துக்கொண்டு, விடுமுறை வந்தால் வடக்கே திரும்புவோர் அவர்கள். கருங்கல்லோ பெயர்த்துக்கொண்டு போகக்கூடிய பொருளன்று. அக்கோயிலை எடுப்பித்தவர் இந்நகரமும் தம் மக்களுக்கு உரியது என்பதைக் கல்லால் உரைத்தார் எனலாம். அதேவேளை அவர் தம் இனத்துக்கு மட்டும் உழைத்தவரல்லர். 1915 ஆம் ஆண்டின் கலவரத்தை அடுத்து இராணுவச் சட்டத்தின்கீழ்த் துன்புற்ற சிங்கள மக்களுக்காகச் சட்டநிரூபண சபையில் வாதாடியவரும், போர்க்காலக் கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று முறையிட்டவரும் அவரே. தம் மரபில் ஊன்றி நின்றவரே பிறர் மரபையும் மதிக்க வல்லவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். இராமநாதனின் தாய்மாமன் மகனாகிய ஆனந்த குமாரசுவாமி, 1905 ஆம் ஆண்டிற் கண்டித் தலைவர்களுக்குத் திறந்த மடல் ஒன்றை எழுதிப் பழங்கட்டடங்களைக் காக்குமாறு வேண்டினார். 1908 ஆம் ஆண்டில் இடைக்காலச் சிங்களக் கலைபற்றி அவர் வெளியிட்ட பெருநூல், கம்மாளரும் தச்சரும் ஓவியரும் தந்தைவழிக் கற்ற வித்தையை விரித்துரைத்தது. ஒரே குடும்பத்தில் ஒருவர் பழையதைப் பேணச் சொல்ல, மற்றவர் பழையதை நீக்கிப் புதியதைக் கட்டினார். இவ்விரண்டும் முரண்பாடோ?

ஆழ்ந்து நோக்கின் முரண்பாடு இல்லை. மேனாட்டார் பழமையைப் போற்றும்போது கட்டடத்தின் அகவையைப் போற்றுவர். சைவ மரபு வழிபாட்டின் தொடர்ச்சியைப் போற்றும். பழுதுற்ற கோயிலைப் புதுக்குவதைச் சீர்ணோத்தாரணம் என ஆகமங்கள் ஓர் அறமாகவே விதித்துள்ளன. ஆனால் அவ்வறத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. புதுக்குவது பழையதினும் சிறந்ததாயும், மரபறிந்த கைகளாற் செய்யப்படுவதாயும் இருத்தல் வேண்டும். இராமநாதன் செய்தது அத்தகையது. சிற்பத்தின்மேற் சீமெந்தைப் பூசி மறைப்பதும், தூணின் செதுக்கு வேலையை வண்ணத்தால் மூடுவதும், பழைய ஓட்டுக் கூரையை நீக்கித் தகரம் வேய்வதும் எங்கு நிகழினும் அவற்றைத் திருப்பணி என்று கூறல் ஒல்லாது. குமாரசுவாமியின் எச்சரிக்கை அவற்றுக்கே உரியது.

கொட்டாஞ்சேனையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே ஐந்தாறு மைல் சென்றால் வெள்ளவத்தை வரும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு நூல் நூற்கும் ஆலை ஒன்று எழுந்தது. கடலோரப் புகைவண்டிப் பாதையும் அயலிலே சென்றது. கோட்டையில் வேலை பார்த்த தமிழ் இலிகிதரும் ஆசிரியரும் மெல்ல மெல்ல அங்கு குடியேறினர். அவர்கள் கட்டியவற்றுள் முதன்மையானவை மன்றங்களும் நூல்நிலையங்களுமே. 1942 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே தன் மண்டபத்தையும் நூலகத்தையும் அமைத்தது. இராமகிருஷ்ண மிசனும் அவ்வூரிற் பண்பாட்டு நிலையமாய் விளங்குகிறது. கருங்கல்லில் தம் இருப்பை உரைத்த ஒரு தலைமுறைக்குப்பின், ஏட்டில் அதனை உரைக்கும் தலைமுறை வந்தது. பார்வைக்கு அழகிய முகப்போ கோபுரமோ இல்லாவிடினும், இவையும் நினைவுச் சின்னங்களே ஆம்.

அந்த அமைதி நீடிக்கவில்லை. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் தீக்கு இரையாயின. கோயில்களும் பள்ளிக்கூடங்களும் ஏதிலிகளின் புகலிடங்களாயின. பலர் கப்பலேறி வடக்கே சென்றனர். பலர் கடல் கடந்தனர். ஆயினும் வெள்ளவத்தை வெறிச்சோடிப் போகவில்லை. சென்றவருட் சிலர் திரும்பினர்; புதியோர் வந்தனர்; தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் இன்றும் மாணவர் அமர்ந்து படிக்கின்றனர். பழைய நூல் ஆலையின் இடத்தில் இப்பொழுது மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அந்த ஆலையின் சங்கொலி கேட்டு விழித்தவர்களின் நினைவு எழுதப்படாவிடில், அவ்வரலாறு அவர்களோடு மறையும்.

2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் குண்டுவெடிப்பிற் சிதைந்தது. கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் நேர்த்திக்கடன் வைக்கும் தலம் அது. வழிபாட்டில் இருந்தோர் பலர் அங்கேயே உயிர்நீத்தனர். இரண்டு மாதத்துக்குள், யூன் மாதத் திருநாளையொட்டி, செப்பனிடப்பெற்ற திருத்தலம் மீண்டும் திறக்கப்பட்டது. கூரையை மாற்றிவிடலாம், இழந்த உயிர்களை மாற்ற இயலாது. ஆயினும் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரியோடு அங்கு திரளும் பல சமயத்து மக்களைக் காண்போர், அத்தலத்தைக் காத்து நிற்பது எது என்பதை அறிவர்.

கொட்டாஞ்சேனைத் தெருக்கள் கற்பிக்கும் பாடம் இதுவே. கட்டியவரின் செல்வத்தையும் செருக்கையும் கல் காட்டும்; அக்கட்டடம் வாழ்வதோ பேணுவோரின் கைகளாலாகும். பேணுவோர் ஒருவரையொருவர் பகைத்த நாளில் தெருவிற் குருதி சிந்தியது. ஒருவர் வாயிலை மற்றவர் மதித்த நாளில் நான்கு சமயங்களின் மணியோசையும் ஒரே காற்றிற் கலந்தது. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் விடுமுறை நாளொன்றில் மாணவர் பதின்மரை இத்தெருக்களுக்கு அழைத்துச் சென்று, அந்த நான்கு வினாக்களையும் கேட்கச் செய்தல் நன்று. முதல் மூன்றன் விடைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். நான்காவதன் விடையை, கோயில் வாயிலிற் பூக்கட்டும் மூதாட்டியிடமும், விகாரை முற்றத்தைப் பெருக்குபவரிடமும், தேவாலயத்தின் சாவியைக் காப்பவரிடமும் கேட்டு அறியட்டும். அவர்கள் கூறும் சொற்களே நாளைய வரலாற்றாசிரியனுக்கு ஏடாகும்.