கெத்தாரான் ஜீவா

பி. ரம்லி இசையமைத்துப் பாடிய மலாய்க் காதல் பாட்டு. வரிகளை எழுதியவர் எஸ். சுதர்மாஜி. ரம்லியே இயக்கி நடித்து 1960இல் வெளிவந்த ‘அந்தாரா துவா டர்ஜாட்’ படத்தில் வருகிறது. கல்யாண விருந்து, ஹோட்டல் பியானோ, கரோக்கே என்று மலேசியாவில் இது ஒலிக்காத இடம் குறைவு.

ரம்லி 1929இல் பினாங்கில் பிறந்தார். வானொலிப் பாட்டுப்போட்டிகளில் பெயர் வாங்கிய அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தவர் இந்திய இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். அங்கே ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் முதலாளிகள் சீனர்கள், இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், திரையில் மலாய்க்காரர்கள். ஆரம்பத்தில் மற்ற கதாநாயகர்களுக்குக் குரல் கொடுத்துவந்த ரம்லியை, 1950இல் ‘பக்தி’ படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் பினாங்கில் வளர்ந்த தமிழர் எல். கிருஷ்ணன். மலாய் சினிமாவின் பொற்காலத்தில் தமிழர் பங்கைப் பற்றி நாமே அதிகம் பேசுவதில்லை.

படத்தில் ரம்லி ஏற்ற பாத்திரம் கசாலி, கிராமத்து இசைக்குழுக்காரன். அரச குடும்பத்துப் பெண் சாலேஹாவின் பிறந்தநாளுக்கு வாசிக்கப் போகிறான். பியானோ வழியே காதல் வளர்கிறது. அந்தஸ்து குறுக்கே நிற்கிறது. பாட்டில் கண், கூந்தல், நிலவு என்று எந்த வர்ணனையும் கிடையாது. மெட்டும் தாளமும் பிரிந்தால் இரண்டுமே உயிரற்றுப் போகும் என்பதுதான் அதன் பேச்சு. கதையில் பிரியப்போகிறவர்கள் யார் என்று தெரிந்தபின் மறுபடி கேட்டால், அது இசையைப் பற்றிய பாட்டு மட்டுமல்ல என்று புரியும்.

தாளம் லத்தீன் அமெரிக்க நடனச் சாயல் கொண்டது. ஸ்வரச் சேர்க்கையில் ஜாஸ் வாடை. குரலோ உச்சஸ்தாயிக்கு ஏறி மிரட்டுவதில்லை. மைக்குக்குப் பக்கத்தில் நின்று ஒருவரிடம் மட்டும் சொல்வதுபோல் தாழ்ந்தே போகிறது. அக்காலத் தமிழ்த் திரைப்பாட்டில் ஏ. எம். ராஜாவின் மென்மையை விரும்பியவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். ஜாஸ் கலைஞர்கள் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசிப்பதற்கும் காரணம் இந்த அமைப்புதான்: மெட்டில் அவர்கள் விளையாட இடம் இருக்கிறது.

1964இல் ரம்லி கோலாலம்பூருக்கு வந்து உலு கிள்ளான் மெர்டேக்கா ஸ்டூடியோவில் சேர்ந்தார். இங்கே எடுத்த படங்கள் பழைய வெற்றியைக் காணவில்லை. 1973 மே 29 அன்று மாரடைப்பால் இறந்தார், வயது 44.

கௌரவங்கள் பிறகுதான் வந்தன. 1982இல் கோலாலம்பூரின் பாரி சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1986இல் செத்தாபாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவகமானது. 1990இல் டான் ஸ்ரீ பட்டம். அதே ஆண்டு ஜாஸ் பாடகி ஷீலா மஜித் அவருக்குக் காணிக்கையாக ‘லெகெண்டா’ ஆல்பத்தை வெளியிட்டார். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலிருந்து அந்தப் பழைய பாரி சாலைக்கு, இன்றைய ஜாலான் பி. ரம்லிக்கு, நடந்தே போய்விடலாம். அது இரவு விடுதிகளுக்குப் பேர்போன தெரு.